கப்பலில் என் மகன் போட்ட கையெழுத்து

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கும். அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அன்று காலை பதினொரு மணி இருக்கும். திரி வைக்கும் அறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். வாட்ச்மேன் கேட்டிலிருந்தே சத்தம் போட்டார்.

"யோவ் போர்மேன், உம்ம போனு பெட்டிக்குள்ள துள்ளிக்கிட்டுக் கெடக்கு. எடுத்து என்னன்னு கேளும். வெடிச்சுக் கிடிச்சுத் தொலைக்கப் போகுது."

எடுத்துப் பார்த்தேன். மகன் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தான்.

அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. மதுரையில் கேட்டரிங் படித்தான். ஒரு ஏஜெண்டு மூலமாக உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்தது. பயணிகள் தங்கும் அறைகளைக் கூட்டித் துடைத்து, படுக்கை விரித்து, துண்டு மாற்றி வைக்கிற வேலை. வெம்பக்கோட்டைப் பக்கத்தில் வெடிமருந்து ஒட்டாத கையோடு சம்பாதிக்கிறவன் தன் மகன்தான் என்று என் வீட்டுக்காரி சொல்லிக்கொண்டிருப்பாள்.

கேட்டுக்கு வெளியே போய்க் கூப்பிட்டேன்.

"என்னலே?"

"அப்பா, நான் சொல்றத முழுசாக் கேளுங்க. ஒரு மணி நேரந்தான் குடுத்திருக்காங்க."

சொன்னான். ஓர் அறையில் அக்காளும் தங்கச்சியுமாக இரண்டு பெண்கள் தங்கியிருந்தார்கள். குளியலறையில் சோப்புத் தட்டுக்குப் பின்னால் சின்னக் கேமரா ஒன்று இருந்ததை அக்காள் பார்த்துவிட்டாள். கப்பலில் கதவெல்லாம் அட்டையில்தான் திறக்கும். எந்த அட்டை எத்தனை மணிக்குத் திறந்தது என்று கம்ப்யூட்டரில் பதிவாகும். அந்த அறையைத் திறந்தது என் மகனுடைய அட்டை.

கம்பெனிக்காரர்கள் அவனைத் தனியாக உட்காரவைத்து ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. இதை நானாகச் செய்தேன், கம்பெனிக்கோ மேலே உள்ளவர்களுக்கோ சம்பந்தம் இல்லை, அவர்களுக்கு எதுவும் தெரியாது. அவ்வளவுதான் அதில். கையெழுத்துப் போட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவோம், மேற்கொண்டு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னார்களாம்.

"பாத்துக்கிடுதோம்னு சொன்னாகளா?"

"ஆமாப்பா."

"யாரு? பெரிய ஆளா?"

"பெரிய ஆபீசர்தான்."

"அப்பப் போடு."

"அப்பா, அட்டை என்னோடதுதான், ஆனா..."

"ஆனா ஆவன்னாவெல்லாம் பொறவு பேசுவோம். போடு. போட்டுட்டு அவுக சொல்றபடி கேளு."

நீ செய்தாயா என்று நான் கேட்கவில்லை. அந்த இரண்டு பெண்களும் எப்படி இருக்கிறார்கள் என்றும் கேட்கவில்லை. போனைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதவேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஆலையில் ஓர் அறை வெடித்தது. ஓர் அறைக்குள் நாலு பேர்தான் உட்காரலாம் என்பது சட்டம். அன்று பதினோரு பேர் இருந்தார்கள். தீபாவளிக்கு இருபது நாள். வடக்கே போகவேண்டிய லோடு நின்றுகொண்டிருந்தது. முதலாளியே பைக்கில் வந்து அறை வாசலில் நின்று, "இன்னும் ஆளைக் கூட்டி உக்கார வையி. சாயங்காலத்துக்குள்ள லாரி போகணும்" என்றார். வைத்தேன். மத்தியானம் வெடித்தது. நாலு பேர் செத்துப்போனார்கள்.

அன்று சாயங்காலமே முதலாளியின் வக்கீல் ஒரு காகிதத்தோடு வந்தார். முதலாளிக்குத் தெரியாமல் நானாகத்தான் ஆளைக் கூட வைத்தேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆலையில் அப்படித்தான் வழக்கம். வெடித்தால் போர்மேன் உள்ளே போவான். முதலாளி வெளியே இருந்தால்தான் ஆலை மறுபடி திறக்கும். உள்ளே போனவன் வீட்டை முதலாளி பார்த்துக்கொள்வார். மூன்று மாதம் ஜெயிலில் இருந்தேன். வீட்டுக்கு அரிசி வந்தது. மகன் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. வெளியே வந்த மறுநாளே அதே வேலை. கேஸ் என் ஒருவன் பேரில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதலாளியின் வக்கீல்தான் எனக்காக வந்து நிற்பார். சொன்ன சொல்லில் முதலாளி ஒருநாளும் தவறியதில்லை. அதையும் சொல்லியாகவேண்டும்.

கப்பலுக்கும் ஒரு முதலாளி இருப்பார், அவரும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கேரளாவிலிருந்து ஒரு போலீஸ்காரர் பேசினார். நல்ல தமிழ். மகனைக் கப்பலிலிருந்து இறக்கி ஒப்படைத்திருக்கிறார்கள், ரிமாண்டில் வைத்திருக்கிறோம் என்றார். நான் பதறவில்லை. நானும் ரிமாண்டு போனவன்தானே. கம்பெனியிலிருந்து வக்கீல் வருவார் என்று வீட்டில் சொன்னேன்.

"எப்ப வருவாக?" என்றாள் வீட்டுக்காரி.

"ரெண்டு மூணு நாள் ஆவும். கப்பல் கம்பெனி, தூரந்தொலவுல இருந்து வரணும்ல."

அவள் வீட்டைக் கழுவிவிட்டாள். பக்கத்து வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வைத்தாள். வருகிறவர் காப்பி குடிப்பாரா டீ குடிப்பாரா என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். பத்து நாள் பார்த்துவிட்டு நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

மதுரை ஏஜெண்டுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அவனை வேலைய விட்டுத் தூக்கியாச்சு. கம்பெனிக்கும் அவனுக்கும் இனி ஒண்ணும் கெடையாது. உங்க மவன்தான் எழுதிக் குடுத்துட்டான்ல?"

"எழுதிக் குடுத்தான். அதனாலதான் கேக்கேன். யாரு வந்து பாப்பாக?"

"எழுதிக் குடுத்தாச்சுன்னா எதுக்குண்ணே வந்து பாக்காக?"

சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். மறுபடியும் அதையே கேட்டேன். சிரிப்பு நின்றது.

"அண்ணே, நெசமாவா கேக்கீக?"

போனை வைத்துவிட்டேன். வீட்டுக்காரி என்ன என்று கேட்டாள். நான்தான் அவனை உள்ளே தள்ளிவிட்டேன் என்று சொன்னேன். அவள் இரண்டு நாள் என் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ராஜபாளையம், செங்கோட்டை என்று பஸ் மாறி மாறிப் போய் மகனைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

"சாப்பாடு?"

"எல்லாத்துலயும் தேங்கா எண்ணெ. தலைக்குத் தேய்க்க மட்டும் குடுக்க மாட்டேங்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பச் சொல்லு. செஞ்சியா?"

"இல்லப்பா."

பழைய பயணிகள் இறங்கிப் புதுப் பயணிகள் ஏறுகிற நாளில் எல்லா அறையையும் சில மணி நேரத்தில் முடிக்கவேண்டுமாம். நம் தீபாவளி சீசன் மாதிரிதான். அந்த நாளில் சூப்பர்வைசர் எல்லோருடைய அட்டையையும் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு அவனே அறைகளைத் திறந்துகொண்டு போவான். அது விதிப்படி தப்பு. எல்லோருக்கும் தெரியும். அன்று என் மகன் அட்டை அவனிடம்தான் இருந்தது.

"முந்தியே ஒருவாட்டி அவன் ஒரு ரூமு பாத்ரூம்ல ஸ்டூலைப் போட்டு ஏறி நின்னதப் பாத்தேன். என்ன சார்னு கேட்டேன். லைட்டு பாக்கேன்னான். லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுச்சு."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"ஏம்லே?"

கம்பி வலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "நீங்களும்தான் சொல்லலை" என்றான். "ஆலை வெடிச்சப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. வீட்ல பேசுனது காதுல விழாதா?"

மணி அடித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு வக்கீலம்மா எங்கள் வீடு தேடி வந்தார். சாயங்காலம் நாலரை மணி. வீட்டுக்காரி எம். புதுப்பட்டிக் கம்பெனியில் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறாள். அப்போதுதான் வேன் இறங்கி வந்திருந்தாள். காதோரம் வெள்ளிப் பொடி ஒட்டியிருந்தது.

"வாங்க, உக்காருங்க. நீங்க கப்பல் கம்பெனியா?"

"இல்லம்மா. கேமராவைக் கண்டுபிடிச்சாங்களே அந்த அக்கா, தங்கச்சி, அவங்களோட வக்கீல்."

வீட்டுக்காரி உட்கார்ந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டாள். நானும் நின்றேன். எங்களைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம்.

வக்கீலம்மா நேராகப் பேசினார். "உங்க பையனைக் காப்பாத்த நான் வரலை ஐயா. அதை முதல்லயே சொல்லிடறேன். அந்தப் படமெல்லாம் யார்கிட்ட இருக்கு, எங்கெல்லாம் போச்சு, இதுக்கு முன்னாடி எத்தனை ரூம்ல இப்படி நடந்துச்சு, இது தெரியணும் அவங்களுக்கு. கம்பெனியைக் கேட்டா, ஒரு ஆள் தனியாப் பண்ணின குற்றம், ஆளைப் பிடிச்சுக் குடுத்தாச்சு, எங்களுக்குப் பொறுப்பு இல்லைங்கறாங்க. உங்க பையன் போட்ட கையெழுத்தைக் காட்டிக் கதவைச் சாத்திட்டாங்க."

"கேமராவப் பாத்த அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரி கேட்டாள்.

"சொந்த வீட்லயே குளிக்கறதுக்கு முன்னாடி சுவரெல்லாம் தடவிப் பாக்கறாங்கம்மா. தினமும். சில நாள் தடவிப் பாத்துட்டுக் குளிக்காமலே வந்துடறாங்களாம்."

வீட்டுக்காரி வேலை பார்க்கிற கம்பெனியில் பொம்பளைகள் வேலை முடிந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது. "நாங்க ஒருத்திக்கு ஒருத்தி சேலையப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்" என்றாள். "சேலையில ஒரு கிழிசல் இருந்தாக்கூட அன்னைக்குக் குளிக்க மாட்டோம். மருந்தோடயே வீட்டுக்கு வந்துருவோம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நம்ம பய செய்யலைன்னு சொல்லுதீக. செஞ்சவன் இன்னும் கப்பல்லதான இருக்கான்? நடந்ததச் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு மணி நேரக் கெடு, போன், நான் போடச் சொன்னது, சூப்பர்வைசர் கையில் இருந்த அட்டை. வக்கீலம்மா எழுதிக்கொண்டார். அந்தக் கையெழுத்து அவனாகப் போட்டது இல்லை என்று ஆனால் கம்பெனி பதில் சொல்லவேண்டி வரும், சூப்பர்வைசரை விசாரிப்பார்கள், உங்கள் பையனுக்கும் ஜாமீன் கிடைக்க வழி இருக்கிறது என்றார்.

"ஆனா ஒண்ணு கேப்பாங்க ஐயா. செய்யாத குத்தத்தை ஒத்துக்கச் சொல்லி எந்த அப்பாவாவது சொல்வாரா? என்ன சொல்லுவீங்க?"

அதற்கு என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் முதலாளி பேர் வரும்.

அவர் சோற்றைத் தின்றவன். அவரிடம் சொல்லாமல் செய்யக்கூடாது என்று மறுநாள் ஆபீசுக்குப் போனேன்.

"உக்காரும்யா" என்றார். உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். கடைசி வரை கேட்டார்.

"நான் உமக்கு என்ன கொறை வச்சேன்?"

"ஒரு கொறையும் வைக்கல, மொதலாளி."

"மகனுக்கு வக்கீல் வேணுமா, நான் ஏற்பாடு பண்ணுதேன். அத விட்டுட்டுப் பழசத் தோண்டுனா நீரும் உள்ள போவீரு. ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் பத்தாதா?"

"உங்க பேரச் சொல்லாம அதைச் சொல்ல வழி தெரியல, மொதலாளி."

"அப்ப யோசிச்சுட்டு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

என் ஒருவன் பேச்சை யார் நம்புவார்கள். முதலாளி சொன்னது காதில் விழுந்த இன்னொரு ஆள் வேண்டும். அப்படிக் கேட்டவர்களில் ஊர்ப்பக்கம் மிஞ்சியவள் ஒருத்திதான். ஆனைக்குட்டத்துக்காரி. அவளும் புருஷனும் அன்று அந்த அறையில் இருந்தார்கள். புருஷன் செத்துப்போனான். அவளுக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. ஒன்பது வருஷத்தில் நான் அவள் வீட்டுப் பக்கம் போனதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வாசலில் அணையில் பிடித்த மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கையால் மீனைப் பிடிக்க முடியாமல் காலால் அமுக்கிக்கொண்டு செதில் எடுத்தாள்.

"என்னண்ணே, வழி தப்பி வந்துட்டீகளா?"

மகன் விஷயத்தைச் சொன்னேன். கழுவுவதை நிறுத்தவில்லை.

"மொதலாளி சொல்லித்தான் ஆளை வச்சேன்னு உனக்குத் தெரியும். நீ உள்ளதான் இருந்த."

"தெரியும். எங்க வீட்டுக்காரரு, எடமே இல்லையே எங்கன உக்கார்றதுன்னு கேட்டாரு. அதுக்கு நீங்க என்ன சொன்னீக, ஞாவகம் இருக்கா?"

இருந்தது. பொண்டாட்டி மடியில உக்காருலே என்றேன். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"இருக்கு" என்றேன்.

"எம்புருசன் செத்ததுக்கு வராத வாயி, உங்க மவன் உள்ள போகவும் வந்துருச்சு."

"ஆமா."

"நாங்க நாலு வீட்டுக்காரவுகளும் மொதலாளியக் கேக்கத்தான் ஆபீசுக்குப் போனோம். காகிதத்தத் தூக்கிக் காமிச்சாக. எல்லாம் போர்மேன் செஞ்சது, அவனே எழுதிக் குடுத்துட்டான், அவனப் போயிக் கேளுங்கன்னாக. நீங்க ஜெயில்ல இருந்தீக. எங்கன போயிக் கேக்க?"

இது எனக்கு அன்றுவரை தெரியாது. நான் கையெழுத்துப் போட்டதால் நான் மட்டும்தான் உள்ளே போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கும்பிட்டேன். வந்து ஒரு வார்த்தை சொல் என்று கேட்டேன். வாழ்க்கையில் அப்படி யாரிடமும் கேட்டதில்லை.

"எம்மவளுக ரெண்டு பேரும் அவரு கம்பெனிக்குத்தான் போறாளுக" என்றாள். "நீங்க போயிச் சொல்லுங்க. என்னைய வந்து கேட்டாகன்னா இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆமான்னும் சொல்லமாட்டேன்."

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விருதுநகரில் ஒரு ஆபீசில் வைத்து வக்கீலம்மா வாக்குமூலம் எழுதினார். முதலாளி பைக்கில் வந்ததையும் பதினோரு பேரையும் எழுதச் சொன்னேன். உங்கள் மேல் ஓடுகிற கேசுக்கு இது ஆபத்து ஐயா என்றார். தெரியும் என்றேன். நான் செய்த கேலியையும் எழுதச் சொன்னேன். அது எதற்கு, கோர்ட்டுக்கு வேண்டாம் என்றார். எழுதுங்க என்றேன். வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு தடவை வாசித்தார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஸ்டூல் விஷயத்தை மகனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் ஜெயிலில் இருந்து எழுதிக் கொடுத்தான்.

மறுவாரம் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார். "உம்மள உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காகய்யா. எம்மேல கோவப்படாதேயும்." போன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வந்துவிட்டேன்.

கப்பல் கம்பெனியின் பதில் வந்தது. வக்கீலம்மா போனில் தமிழில் சொன்னார். பொய்யான காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் என்று இவரே சொல்லிக்கொள்கிறார், அப்படிப்பட்டவர் மகனுக்காகப் போட்ட இந்தக் கையெழுத்தை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார்களாம். சரியான கேள்விதான். வக்கீலம்மா, வேறு பயணிகள் யாராவது புகார் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுகிறோம், நேரம் ஆகும் என்றார். எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வாய்தாவுக்குப் போனேன். முதலாளியின் வக்கீல் வரவில்லை. என் பேரைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறி நின்றேன். உன் வக்கீல் எங்கே என்று நீதிபதி கேட்டார். இல்லை ஐயா என்றேன். அடுத்த வாய்தாவுக்கு வக்கீல் வைத்துக்கொண்டு வா, வராவிட்டால் வாரண்டு என்றார். தேதியைச் சீட்டில் எழுதிக்கொண்டேன். கேரளாவில் மகனுடைய ஜாமீன் மனு மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போயிருந்தது. அதுவும் அதே நாள்.

வீட்டில் வந்து சொன்னேன். கேரளாக் கோர்ட்டில் வீட்டு ஆள் யாராவது இருந்தால்தான் ஜாமீனுக்கு நல்லது என்று மகனுக்குக் கோர்ட்டே போட்டுக்கொடுத்த வக்கீல் சொல்லியிருந்தார்.

"நான் போறேன்" என்றாள் வீட்டுக்காரி.

"நீ ராஜபாளையம் தாண்டித் தனியாப் போனதில்லையே."

"கப்பல்லயா போறேன்? பஸ்ஸுலதான. எழுதிக் குடுங்க."

மகனுடைய பழைய நோட்டில் ஒரு தாள் கிழித்தேன். எந்த ஊரில் இறங்கவேண்டும், எந்த பஸ் ஏறவேண்டும், கோர்ட்டுக்கு எந்தப் பக்கம் நடக்கவேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊராக விரலை வைத்துச் சத்தமாக வாசித்தாள். செங்கோட்டையில் நாக்கு தடுக்கியது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.